நகாமுரா வெறும் ஃப்ரீ கிக் ஆட்டக்காரரா?

கேள்வி இது: "மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஷுன்சுகே நகாமுரா அடித்த ஃப்ரீ கிக் காணொளியைப் பார்த்தேன். அதைத் தவிர அவர் வேறு என்ன சாதித்தார்? உலகக் கோப்பையில் பெரிதாக ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. பிறகு ஏன் ஜப்பானில் அவரை இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?"

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஃப்ரீ கிக் கோல்களை (எதிரணி செய்த தவறுக்காகப் பந்தை நிறுத்தி வைத்து அடிப்பவை) எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஆசியாவிலிருந்து வந்த மிகச் சிறந்த மிட்ஃபீல்டர்களில் நகாமுரா ஒருவர். உலகக் கோப்பையை வைத்து அவரை அளந்தால் கணக்கு தப்பாகத்தான் வரும், ஏனென்றால் அவருடைய நல்ல வருடங்கள் ஒன்றுகூட உலகக் கோப்பை ஆட்டங்களோடு சேரவில்லை. 2002-ல் அணியிலேயே எடுக்கவில்லை. 2006-ல் அவர் கோல் அடித்த ஆட்டத்தில் அணி கடைசி எட்டு நிமிடத்தில் சரிந்தது. 2010-ல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஆனால் 2000, 2004, 2006 குளிர்காலம், 2007 வசந்தம், 2013 என்று தேடிப் பார்த்தால் வேறொரு மனிதர் தெரிவார். அந்த மனிதரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகாமுரா பிறந்தது 1978 ஜூன் 24, டோக்கியோவுக்குத் தெற்கே இருக்கும் துறைமுக நகரமான யோகோஹாமாவில். நிசான் கார் நிறுவனத்தின் கால்பந்து அணிதான் பின்னாளில் யோகோஹாமா மரினோஸ் ஆனது. அந்த கிளப்பின் சிறுவர் பிரிவில்தான் அவர் ஆட்டம் பழகினார். அணியின் ஆட்டத்தை நடத்துபவருக்குக் கொடுக்கும் பத்தாம் எண் சட்டை நிசானில் அப்போது கசுஷி கிமுராவிடம் இருந்தது. 1985-ல் தென்கொரியாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் கிமுரா அடித்த ஃப்ரீ கிக்கை ஜப்பானில் இன்றைக்கும் பேசுவார்கள். ஆட்டம் 1-2 என்று தோல்விதான், ஆனாலும் அந்தக் கோல் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட ஒருவர் ஆடிய கிளப்பில் வளர்ந்த பையன் நகாமுரா.

ஆனால் 15 வயதில் அடுத்த படியான யூத் அணிக்கு அவரை அந்த கிளப் எடுக்கவில்லை. வயதுக்கேற்ற உயரமும் பலமும் அவருக்கு அப்போது வந்திருக்கவில்லை. கிளப் வழி அடைபட்டதால் கவாசாகியில் உள்ள தோகோ ககுவென் பள்ளியில் சேர்ந்து பள்ளி அணிக்கு ஆடினார். ஜப்பானில் பள்ளிக் கால்பந்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். புத்தாண்டு விடுமுறையை ஒட்டி நடக்கும் தேசியப் பள்ளிப் போட்டி டிவியில் நேரலையாக வரும், ஊரே உட்கார்ந்து பார்க்கும். அதில் தோகோ ககுவென் இறுதியாட்டம் வரை போய், இச்சிரித்சு ஃபுனபாஷி பள்ளியிடம் 1-2 என்று தோற்றது. அந்தச் சூட்டோடு 1997-ல், 15 வயதில் வேண்டாம் என்று விட்ட அதே மரினோஸ் அவரைத் தொழில்முறை வீரராக எடுத்துக்கொண்டது.

அவருடைய ஆட்டத்தின் அடித்தளமே அந்த மூன்று பள்ளி வருடங்களில் போடப்பட்டது என்று நினைக்கிறேன். வேகத்தில் ஜெயிக்க முடியாது, தோளோடு தோள் மோதி ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பையனுக்கு ஒரே வழி, பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அதை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்து வைத்திருப்பது. பள்ளிக் காலத்திலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் தான் செய்தது, செய்ய வேண்டியது எல்லாவற்றையும் எழுதி வந்தவர் அவர். அந்தப் பழக்கத்தைத் தொழில்முறை வீரரான பிறகும் விடவில்லை.

1998 இறுதியில் ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே லீக்கில் ஒரு பெரிய குழப்பம் வந்தது. அதே ஊரின் இன்னொரு அணியான யோகோஹாமா ஃப்ளூகல்ஸ் பணத் தட்டுப்பாட்டில் மரினோஸோடு இணைக்கப்பட்டது. இணைந்த கிளப்பின் பெயர் யோகோஹாமா எஃப் மரினோஸ் ஆனது, அந்த 'எஃப்' ஃப்ளூகல்ஸுக்காக. ஃப்ளூகல்ஸ் ரசிகர்கள் பலர் இதை ஏற்காமல் தாங்களே யோகோஹாமா எஃப்சி என்று தனியாக ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு தேவைப்படும்.

2000 ஆண்டு நகாமுராவுக்கு 22 வயது. லீக்கின் முதல் கட்டத்தை மரினோஸ் வென்றது. சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டங்களில் காஷிமா ஆன்ட்லர்ஸிடம் தோற்றாலும், அந்த வருடத்தின் சிறந்த வீரர் விருது நகாமுராவுக்கு வந்தது. அதே வருடம் லெபனானில் நடந்த ஆசியக் கோப்பையை ஜப்பான் வென்றது. இறுதியாட்டத்தில் சவுதி அரேபியாவுக்கு எதிராக விழுந்த ஒரே கோல், நகாமுராவின் ஃப்ரீ கிக்கிலிருந்து மோச்சிசுகி அடித்தது.

அப்புறம்தான் 2002. உலகக் கோப்பை ஜப்பானிலும் கொரியாவிலும் நடக்கிறது. ஜப்பானின் பயிற்சியாளர் பிரான்ஸைச் சேர்ந்த ஃபிலிப் ட்ரூசியே. அவர் மூன்று டிஃபெண்டர்களை வைத்து ஆடுபவர். அந்த அமைப்பில் நகாமுராவுக்குக் கொடுத்த இடம் இடது விளிம்பு. மேலே போய்த் தாக்கவும் வேண்டும், உடனே கீழே ஓடி வந்து தடுக்கவும் வேண்டும். நடுவில் நின்று ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவரைக் கோட்டோரம் தள்ளிய மாதிரிதான் அது. மே மாதம் 23 பேர் பட்டியல் வந்தபோது நகாயாமா, அகிதா போன்ற மூத்த வீரர்கள் எதிர்பாராமல் உள்ளே இருந்தார்கள், நகாமுரா வெளியே. ஜப்பானில் அந்த மாதம் முழுக்க இதே பேச்சுதான்.

ஜூன் 9 அன்று இனாமோட்டோவின் கோலில் ரஷ்யாவை 1-0 என்று ஜப்பான் வென்றது. உலகக் கோப்பையில் ஜப்பானின் முதல் வெற்றியே அதுதான். ஆட்டம் நடந்த இடம் யோகோஹாமா. நகாமுரா பிறந்த ஊர், அவருடைய கிளப்பின் சொந்த மைதானம். அவர்தான் அங்கே இல்லை. ட்ரூசியே பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, அவருக்கு ஓயாமல் ஓடும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் அடுத்த சுற்றில் துருக்கிக்கு எதிராக 12-வது நிமிடத்தில் கார்னரிலிருந்து கோல் வாங்கிவிட்டு, மீதி நேரம் முழுக்க வழி தேடித் தவித்த ஜப்பானைப் பார்க்கும்போது, பெஞ்சிலாவது அவர் இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பட்டியலில் பெயர் இல்லாத அதே கோடையில் அவர் இத்தாலிக்குப் போனார். கிளப் ரெஜினா, ஊர் இத்தாலியின் தென்கோடியில் இருக்கும் ரெஜ்ஜோ கலாப்ரியா. அவருக்கு முன்பே இத்தாலிக்குப் போன ஜப்பானியர் ஹிதேதோஷி நகாதாவைப் போல ரோமா, பார்மா என்று பெரிய பெயர்கள் இல்லை. வருடா வருடம் கீழே இறங்கிவிடாமல் தப்பிப்பதே லட்சியமாக இருக்கும் சிறிய அணி. அங்கே பத்தாம் எண் சட்டையைக் கொடுத்தார்கள். முதல் சீசனில் லீக்கில் 7 கோல் அடித்தார். சீசன் முடிவில் அடலாண்டாவோடு தப்பிப்பு ஆட்டம் ஆடி, சொந்த மண்ணில் 0-0, வெளியூரில் 2-1 என்று ரெஜினா முதல் டிவிஷனில் தங்கியது. அப்புறம் காயங்கள், பயிற்சியாளர் மாற்றங்கள் என்று காலம் போனது. பந்தைக் காலில் வைத்திருக்க விடாத டிஃபெண்டர்களுக்கு நடுவே மூன்று வருடம் ஆடியதில் அவர் உடம்பு இறுகியது. ஸ்காட்லாந்தில் இறங்கியபோது அது அவருக்கு உதவியது.

ரெஜினா காலத்தில்தான் ஜப்பான் சட்டையில் அவருடைய பொற்காலமும் நடந்தது, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கண்டங்களின் சாம்பியன் அணிகள் மோதிய 2003 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் பிரான்ஸுக்கு எதிராக, பார்த்தேஸ் கோல்கீப்பராக நின்ற ஆட்டத்தில், நேரடி ஃப்ரீ கிக் கோல். 2004 ஆசியக் கோப்பையில் தொடரின் சிறந்த வீரர் அவர்தான். அந்தத் தொடர் சீனாவில் நடந்தது. ஜப்பான் ஆடிய ஆட்டங்களிலெல்லாம் அரங்கம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல். காலிறுதியில் ஜோர்டானோடு சோங்கிங் நகரில் பெனால்டி ஷூட்-அவுட் வரை போனது. ஜப்பானின் முதல் பெனால்டியை அடிக்கப் போன நகாமுராவின் ஊன்றுகால் வழுக்கி, பந்து கோலுக்கு மேலே பறந்தது. அடுத்து வந்த சான்டோஸுக்கும் அதே கதி. கேப்டன் மியாமோட்டோ நடுவரிடம் போய், அந்த இடத்தில் மண் உறுதியாக இல்லை என்று எடுத்துச் சொல்லி, பெனால்டி அடிக்கும் கோலையே எதிர்ப்பக்கத்துக்கு மாற்ற வைத்தார். பிறகு கோல்கீப்பர் கவாகுச்சி ஜோர்டான் அடிகளை மறித்து மறித்து நிறுத்த, ஜப்பான் 4-3 என்று தப்பித்தது. பெய்ஜிங் இறுதியாட்டத்தில் சீனாவை 3-1 என்று வென்றார்கள்.

ஒரு வருடம் கழித்து, 2005 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில், கொலோன் நகரில் பிரேசிலோடு 2-2. முதல் கோல் நகாமுரா தூரத்திலிருந்து அடித்தது. இரண்டாவது, அவருடைய ஃப்ரீ கிக் கம்பத்தில் பட்டுத் திரும்பி வர, ஓகுரோ தட்டிவிட்டது.

சரி, இப்போது நீங்கள் பார்த்த காணொளிக்கு வருவோம்.

2005 ஜூலை இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருக்கும் செல்டிக் கிளப் அவரை வாங்கியது. கார்டன் ஸ்ட்ராக்கன் புதுப் பயிற்சியாளர். அவருடைய முதல் ஆட்டத்திலேயே ஸ்லோவாக்கியாவின் ஆர்ட்மீடியா அணியிடம் செல்டிக் 0-5 என்று அடி வாங்கியிருந்தது. ரசிகர்கள் கொதித்துப் போயிருந்த அந்த வாரத்தில்தான் நகாமுரா வந்து சேர்ந்தார். மெலிந்த உடம்புக்காரர், வேகமும் கிடையாது, மழையிலும் மோதலிலும் இவர் என்ன செய்யப் போகிறார் என்ற சந்தேகம் எழுந்தது இயல்புதான். அதற்கு ஒரு சீசனிலேயே பதில் கிடைத்தது. லீக் பட்டமும் லீக் கோப்பையும் செல்டிக்குக்கு வந்தன. அந்த சீசனின் பின்பாதியில் ராய் கீன் கூட அவருக்குச் சக வீரராக இருந்தார்.

ஸ்ட்ராக்கன் அவரைக் கோட்டோரம் நிறுத்தித் தடுப்பாளராக ஓட விடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். காகிதத்தில் வலதுபக்க மிட்ஃபீல்டர். இடதுகால்காரர் வலதுபக்கம் நின்றால் பந்தை வாங்கியதும் உடம்பு தானாகவே மைதானத்தின் உள்பக்கம் திரும்பும், முழு ஆட்டமும் கண்ணுக்கு எதிரே விரியும். அங்கிருந்து எதிர்மூலைக்கு, இடதுபக்கம் ஓடிக்கொண்டிருக்கும் மெக்கீடியின் காலடிக்கு நாற்பது மீட்டர் பாஸ் போடுவார். அது சரிப்படாது என்று தோன்றினால் நடுவில் இருக்கும் லெனனோடு சின்னச் சின்னதாகக் கொடுத்து வாங்கி, எதிரணியின் லெஃப்ட் பேக் ஒரு அடி முன்னால் வரும்வரை காத்திருப்பார். வந்ததும் அவன் விட்ட இடத்தில் பந்து போய்விழும். 2006 அக்டோபரில் டண்டீ யுனைடெட்டுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். ஃப்ரீ கிக் மட்டும் தெரிந்தவர் செய்யக்கூடியது அல்ல இது.

இனி மான்செஸ்டர் யுனைடெட். 2006 செப்டம்பர் 13, ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம், அவர்களுடைய மைதானமான ஓல்ட் ட்ராஃபோர்டு. முதல் பாதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் அடித்த ஃப்ரீ கிக்கில் ஆட்டம் 2-2 ஆனது. கடைசியில் யுனைடெட் 3-2 என்று ஜெயித்ததால் அந்தக் கோல் பாதி மறைந்துவிட்டது. நவம்பர் 21 அன்று கிளாஸ்கோவில் மறு ஆட்டம். ரொனால்டோ, ரூனி, ஸ்கோல்ஸ், கிக்ஸ் எல்லாம் இருந்த யுனைடெட். 81-வது நிமிடம், 0-0. கிட்டத்தட்ட 27 மீட்டர் தூரத்தில் ஃப்ரீ கிக். பந்து சுவருக்கு மேலே ஏறிப் போய் மேல் மூலையில் இறங்கியது. 197 சென்டிமீட்டர் உயரமுள்ள வான் டெர் சாருக்கே எட்டவில்லை.

கதை அங்கே முடியவில்லை. 89-வது நிமிடத்தில் யுனைடெட்டுக்குப் பெனால்டி கிடைத்தது. சாஹா அடித்ததை செல்டிக்கின் கோல்கீப்பர் போருட்ஸ் பிடித்தார். பிடித்திருக்காவிட்டால் நீங்கள் பார்த்த காணொளி வெறும் 1-1 ஆட்டத்தின் ஒரு கோலாகப் போயிருக்கும். போருட்ஸுக்கு உரிய பங்கை யாரும் கொடுப்பதில்லை. அந்த வெற்றியால் சாம்பியன்ஸ் லீக்கில் செல்டிக் முதல்முறையாகக் கடைசி 16-க்குப் போனது. அங்கே ஏசி மிலானோடு இரண்டு ஆட்டமும் சேர்த்து, கூடுதல் நேரத்தில் காகா அடித்த ஒரே கோலில்தான் தோற்றது. அந்த வருடம் கோப்பையை வென்றதும் மிலான்தான்.

அந்த அடியை அவர் எப்படி அடிக்கிறார் என்று காணொளியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஓட்டம் நீளமில்லை. கடைசிக் காலடி மட்டும் அகலமாக விழும். ஊன்றும் வலதுகாலின் பக்கம் உடம்பு நன்றாகச் சாய்ந்திருக்கும், அதனால் இடதுகால் சுற்றி வர இடம் கிடைக்கும். பாதத்தின் உள்பக்கத்தால் பந்தின் ஓரத்தை உரசியபடி மேலே தூக்கி அடிக்கிறார். பந்து சுழன்றுகொண்டே போவதால் அதன் இரண்டு பக்கமும் காற்று ஒரே மாதிரி ஓடாது, பந்து ஒரு பக்கம் சாயும். பல பேருக்கு வளைவு வரும், ஆனால் பந்து கீழே இறங்காது, மேலேயே போய்விடும். நகாமுராவின் அடியில் பக்கவாட்டுச் சுழலோடு முன்னோக்கிய சுழலும் கலந்திருக்கும். சுவருக்கு மேலே போன பந்து சட்டென்று தலை கவிழ்வது அதனால்தான். ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியாக அவர் பந்தை உள்ளே அனுப்பிய டிவி நிகழ்ச்சிக் காட்சி ஒன்றும் உண்டு. அதைப் பார்த்தால் அந்தக் கால் எவ்வளவு பழகிய கால் என்று புரியும். ஜே லீக் முதல் டிவிஷனில் நேரடி ஃப்ரீ கிக்கில் 24 கோல், அதுதான் அங்கே சாதனை.

2007 ஏப்ரல் 22 அன்று கில்மார்னாக்கில் 1-1 என்று முடியப் போன ஆட்டத்தின் கூடுதல் நிமிடத்தில் இன்னொரு ஃப்ரீ கிக். அந்தக் கோலோடு லீக் பட்டம் உறுதியானது. அந்த சீசன் முடிவில் ஸ்காட்லாந்தின் சக வீரர்கள் தேர்ந்தெடுக்கும் சிறந்த வீரர் விருது, கால்பந்துப் பத்திரிகையாளர்களின் விருது இரண்டும் அவருக்கே. கூடவே ஸ்காட்டிஷ் கோப்பையும். நான்கு சீசனில் மூன்று லீக் பட்டம், இரண்டு லீக் கோப்பை, ஒரு ஸ்காட்டிஷ் கோப்பை என்று ஆறு பட்டங்களோடு 2009-ல் கிளாஸ்கோவை விட்டுப் புறப்பட்டார்.

என்னைக் கேட்டால், செல்டிக்கில் அவருடைய சிறந்த ஆட்டம் யுனைடெட்டுக்கு எதிரானது அல்ல. 2008 ஏப்ரல் 16, அதே ஊரின் பரம எதிரியான ரேஞ்சர்ஸுக்கு எதிரான ஆட்டம். லீக்கில் ரேஞ்சர்ஸ் முன்னிலையில் இருந்த நேரம், தோற்றால் பட்டம் போய்விடும். 20-வது நிமிடத்தில் முப்பது மீட்டருக்கும் மேலான தூரத்திலிருந்து, ஓடும் ஆட்டத்தில், இடதுகாலால் ஒரு அடி. ஃப்ரீ கிக் இல்லை, நிறுத்தி வைத்த பந்து இல்லை. கோல்கீப்பர் கைக்கு எட்டாத வளைவில் பந்து உள்ளே போனது. ரேஞ்சர்ஸ் சமன் செய்த பிறகு, கோட்டுக்கு அருகே நகாமுராவின் இன்னொரு அடியைக் கையால் தடுத்ததற்காக குவெயார் சிவப்பு அட்டை வாங்கினார். அதற்குக் கிடைத்த பெனால்டி வீணானது. கடைசியில் கூடுதல் நிமிடத்தில் ஃபென்னகூர் தலையால் முட்டி 2-1. அங்கிருந்துதான் செல்டிக் துரத்திப் பிடித்து, மே 22 அன்று சீசனின் கடைசி நாளில் பட்டம் வென்றது.

2006 உலகக் கோப்பையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸீகோ பயிற்சியாளர், நகாமுரா பத்தாம் எண். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் உள்ளே தூக்கிப் போட்ட பந்து யார் மேலும் படாமல் கோலானது. 84-வது நிமிடம் வரை ஜப்பான் முன்னிலை. அப்புறம் கேஹில் இரண்டு, அலோய்சி ஒன்று. குரோஷியாவோடு 0-0, பிரேசிலிடம் 1-4, வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்த அணியில் நடுக்களத்துக்குப் பெயர் பெற்றவர்கள் நிறைய, பின்னால் ஓடிக் காப்பதற்கு ஆள் குறைவு. பழியை ஒருவர் தலையில் கட்ட முடியாது. நகாதா அந்தத் தொடரோடு 29 வயதில் ஆட்டத்தையே விட்டுவிட்டார்.

செல்டிக்கிலிருந்து ஸ்பெயினின் எஸ்பான்யோலுக்குப் போனது சரியாக அமையவில்லை. போச்செட்டினோ பயிற்சியாளர். சீசன் தொடங்கும் முன்பே அணியின் கேப்டன் ஹார்க்கே திடீரென இறந்துபோன துக்கத்தில் கிளப் இருந்தது. அங்கே வேகமான ஆட்டத்தில் அவருக்கு இடம் நிலைக்கவில்லை, கோலும் வரவில்லை. 2010 தொடக்கத்தில் யோகோஹாமா எஃப் மரினோஸுக்கே திரும்பினார். அப்போது அங்கே பயிற்சியாளர் யார் தெரியுமா? கசுஷி கிமுரா.

அந்தக் கோடையில் தென்னாப்பிரிக்கா. தொடருக்கு முந்தைய ஆட்டங்களில் வரிசையாகத் தோற்ற பயிற்சியாளர் ஒகாதா, கடைசி நேரத்தில் அணியின் அமைப்பையே மாற்றினார். கணுக்கால் காயத்தோடு இருந்த நகாமுரா வெளியே, கெய்சுகே ஹோண்டா முன்னே. நெதர்லாந்துக்கு எதிராக இரண்டாம் பாதியில் மட்டும் கொஞ்ச நேரம் இறங்கினார். ஜூன் 24, டென்மார்க்குக்கு எதிரான ஆட்டம். 17-வது நிமிடத்தில் ஹோண்டா ஃப்ரீ கிக்கில் கோல், சுழலே இல்லாமல் தடுமாறிக்கொண்டு போகும் அடி. 30-வது நிமிடத்தில் எண்டோ இன்னொரு ஃப்ரீ கிக், சுவரைச் சுற்றி வளைந்து. ஒரே ஆட்டத்தில் இரண்டு நேரடி ஃப்ரீ கிக் கோல்கள், ஜப்பான் 3-1. நகாமுரா பெஞ்சில். அன்றைக்கு அவருடைய 32-வது பிறந்தநாள். ஹோண்டாவும் சிறுவயதில் கம்பா ஓசாகா யூத் அணியால் கைவிடப்பட்டு, பள்ளி அணி வழியாக மேலே வந்தவர்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். தொடர் முடிந்ததும் 98 ஆட்டங்கள், 24 கோல்களோடு தேசிய அணியிலிருந்து நகாமுரா விலகினார்.

பலரும் இங்கே அவருடைய கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது.

2013 மரினோஸ் அணியைப் பாருங்கள். இடது பேக் டூட்ரா 40 வயது. முன்னணியில் மார்க்கின்யோஸ் 37. நடு டிஃபென்ஸில் நகாசாவா 35, நடுக்களத்தில் கேப்டன் நகாமுரா 35. இந்த அணி வருடம் முழுக்க பட்டத்துக்குப் போராடியது. வேகம் ஏற்கெனவே இல்லாதவருக்கு வயதானால் இழக்க என்ன இருக்கிறது? இப்போது அவர் கோட்டோரத்தை விட்டு நடுவுக்கு வந்துவிட்டிருந்தார். எல்லாப் பந்தும் அவர் வழியாகத்தான் போனது. 10 லீக் கோல்கள், அவருடைய வாழ்க்கையில் முதல்முறையாக இரட்டை இலக்கம்.

இரண்டு ஆட்டங்கள் மீதமிருக்க ஒன்றை வென்றால் பட்டம். நவம்பர் 30, யோகோஹாமாவில் 62,632 பேர் முன்னிலையில் நீகாட்டாவிடம் 0-2. கடைசி நாள், டிசம்பர் 7, கவாசாகி ஃப்ரான்டாலேவிடம் 0-1. அந்தப் பக்கம் ஹிரோஷிமா ஜெயித்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தை எடுத்துக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் நகாமுரா புல்தரையில் குனிந்து விழுந்து அழுதார். சக வீரர்கள் தூக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. சில நாட்களில் அந்த வருடத்தின் சிறந்த வீரர் என்று அவர் பெயரை அறிவித்தார்கள். ஜே லீக்கில் அந்த விருதை இரண்டு முறை வென்ற முதல் வீரர் அவர். இரண்டுக்கும் இடையே 13 வருடம். 2014 புத்தாண்டு அன்று ஜப்பானின் தேசியக் கோப்பையான பேரரசர் கோப்பை இறுதியில் அதே ஹிரோஷிமாவை 2-0 என்று வென்றது கொஞ்சம் ஆறுதல்.

மரினோஸ் லீக் பட்டம் வென்ற வருடங்களைப் பாருங்கள்: 1995, 2003, 2004, 2019, 2022. அவர் அங்கே ஆடியது 1997 முதல் 2002 வரை, பிறகு 2010 முதல் 2016 வரை. ஒன்றுகூடச் சேரவில்லை. இரண்டு முறை ஜே லீக்கின் சிறந்த வீரர், ஆனால் ஜே லீக் பட்டம் ஒருமுறைகூடக் கையில் வரவில்லை. உலகக் கோப்பையில் நடந்ததுதான் இங்கேயும்.

2017-ல் ஜூபிலோ இவாட்டாவுக்குப் போனார். அவருக்கு முன் ஜப்பானின் பத்தாம் எண்ணாக இருந்த நானாமி அங்கே பயிற்சியாளர். 2019 நடுவில் யோகோஹாமா எஃப்சிக்கு மாறினார். ஆமாம், 1999-ல் ஃப்ளூகல்ஸ் ரசிகர்கள் கோபத்தில் தொடங்கிய அதே கிளப். 41 வயதில் இரண்டாம் டிவிஷனில் ஆடி, அந்த சீசனிலேயே அணி முதல் டிவிஷனுக்கு ஏறியது. 2020 செப்டம்பர் 23 அன்று கவாசாகிக்கு எதிராக 53 வயது கசுயோஷி மியுரா தொடக்கத்திலேயே இறங்கினார், பக்கத்தில் 42 வயது நகாமுரா. 2022 அக்டோபர் 23 அன்று குமாமோட்டோவில் கடைசி ஆட்டம், 44 வயதில், அதுவும் தொடக்க பதினொருவரில். அடுத்த வருடம் அதே கிளப்பில் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்துவிட்டார்.

ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டீர்கள். ஜப்பானியர்களுக்கு ஐரோப்பாவின் கதவை நகாதா திறந்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் நகாதா ஓடவும் மோதவும் பலம் உள்ளவர். ஜப்பானின் பள்ளி மைதானங்களில் இருக்கும் பையன்களில் பெரும்பாலோர் நகாமுராவின் உடம்புக்காரர்கள். அந்த உடம்போடு ஐரோப்பாவில் ஒரு லீக்கின் சிறந்த வீரராக முடியும் என்று காட்டியவர் அவர். அதே கிளாஸ்கோவுக்குத்தான் பிற்பாடு, மரினோஸிலிருந்து போன பயிற்சியாளர் போஸ்டகோக்லூவின் காலத்தில், ஃபுருஹாஷி, மாயேதா, ஹதாதே என்று ஜப்பானியர்கள் வரிசையாகப் போனார்கள். அவர்கள் இறங்கியபோது, ஒரு ஜப்பானியர் இங்கே தாக்குப்பிடிப்பாரா என்று செல்டிக் ரசிகர்கள் யாரும் கேட்கவில்லை.

இன்னும் பார்க்க ஆசை என்றால், ஃப்ரீ கிக் தொகுப்புகளைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 2008 ஏப்ரல் ரேஞ்சர்ஸ் ஆட்டத்தை முழுதாகத் தேடிப் பாருங்கள். பிறகு 2005 பிரேசில் ஆட்டம், அதன் பிறகு 2013 மரினோஸ் ஆட்டங்களில் ஏதாவது ஒன்று. பார்க்கும்போது பந்தைத் துரத்தாமல், பந்து இன்னொருவர் காலில் இருக்கும் நேரத்தில் நகாமுராவின் தலையை மட்டும் கவனியுங்கள். வலம், இடம், பின்னால் என்று திரும்பிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் அப்படிப் பார்த்துவிட்டு, அடுத்த பாஸ் எங்கே போகும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.